ஏறவும் தெரியணும், விழவும் தெரியணும்!

"பாறை ஏறுறதா? பொம்பளையா? அதுவும் கயிறு இல்லாமயா?"

இந்த மூன்று கேள்விகளும் இதே வரிசையில் என் காதில் விழாத வீடு பத்தமடையில் கிடையாது. கேட்கிறவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. பத்தமடை என்றால் உலகத்துக்குப் பாய் ஞாபகம் வரும். பாய் என்றால் உட்காருவதும் படுப்பதும்தானே! அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு பெண்பிள்ளை "பாறை ஏறலாம், வாங்க" என்று கூப்பிட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனாலும் கூப்பிடுகிறேன். வாசக சகோதரிகள் சிரித்து முடித்துவிட்டே மேலே படிக்கலாம், அவசரமில்லை.

அதென்ன போல்டரிங்?

மலையேற்றம் வேறு, இது வேறு. மலையேற்றத்தில் நாள்கணக்கில் நடை, மூட்டை முடிச்சு, கூடாரம் எல்லாம் உண்டு. கயிறு கட்டிச் செங்குத்தான பாறையில் ஏறுவது இன்னொரு வகை. போல்டரிங் இந்த இரண்டையும்விட எளிமையானது. நாலு மீட்டர் உயரம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதாவது ஏறத்தாழ நம் வீட்டு மொட்டைமாடி உயரத்துக்குள் அடங்குகிற உருண்டைப் பாறை. அதில் கயிறு கட்டாமல், கையாலும் காலாலும் மட்டும் ஏறுவது. கீழே கனத்த மெத்தை போட்டிருக்கும். வழுக்கினால் அதில் விழ வேண்டியதுதான்.

பாரிஸ் நகருக்குப் பக்கத்தில் ஃபோந்தேன்புளோ என்று ஒரு காடு. அங்கே இருக்கிற குட்டிப் பாறைகளில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பிரெஞ்சுக்காரர்கள் பெரிய மலைகளுக்கு ஒத்திகை பார்த்தார்கள். பிறகு ஒத்திகையே தனி விளையாட்டாகிவிட்டது. 1950-களில் ஜான் கில் என்ற அமெரிக்கர் ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் கையில் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடியைப் பாறைக்குக் கொண்டுவந்தார். அது மக்னீசியம் கார்பனேட். உள்ளங்கை வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், பிடி வழுக்காது. இன்றைக்கு உலகம் முழுக்க அந்தப் பொடிதான்.

நகரங்களில் இதற்கென்று உள்ளரங்கச் சுவர்களே கட்டிவிட்டார்கள். சுவர் பூராவும் கலர் கலராகப் பிடிகள். ஒரே கலர்ப் பிடிகளைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஒரு கணக்கு முடிந்தது. ஆமாம், ஒவ்வொரு பாதைக்கும் 'பிராப்ளம்' என்றுதான் பெயர். கணக்கைப் போல அதையும் யோசித்துத்தான் தீர்க்க வேண்டும்.

2020 டோக்கியோ ஒலிம்பிக் 2021-இல் நடந்ததல்லவா? அதில்தான் பாறையேற்றம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பெண்கள் பிரிவில் ஸ்லோவேனியா நாட்டு யான்யா கார்ன்பிரெட் தங்கம் வாங்கினார். 2024 பாரிஸிலும் தங்கம் அவருக்கே. 2028 லாஸ் ஏஞ்சலஸில் போல்டரிங்குக்கென்றே தனிப் பதக்கம் என்று 2025-இல் அறிவித்திருக்கிறார்கள்.

நம்ம மலையும் நம்ம பெண்களும்

"அதெல்லாம் வெள்ளைக்காரிக்குச் சரி, நமக்கு ஒத்து வருமா?" என்பது அடுத்த கேள்வி. பதிலுக்கு நான் மேற்கே கையைக் காட்டுவேன். நமக்குத் தாமிரபரணியைத் தருகிற பொதிகை மலை அங்கே நிற்கிறது. அதன் உச்சியான அகத்தியர்கூடம் 1,868 மீட்டர். கேரளப் பக்கத்திலிருந்துதான் ஏறிப் போவார்கள். வெகுகாலம் அந்தப் பயணத்துக்குப் பெண்களைச் சேர்த்துக்கொண்டதில்லை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பெண் என்பதற்காகத் தடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் அதிகாரி அந்த அனுமதியோடு ஏறி உச்சியைத் தொட்டார். அந்த மலையைத் தெய்வமாகக் கும்பிடுகிற காணி இன மக்கள் வருத்தத்தோடு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் வழிபடுகிற இடத்துக்குள் நுழையாமல் உச்சிக்குப் போய் வருவது என்று அது நடந்தேறியது. உரிமையும் வேண்டும், பிறர் மனதும் நோகக் கூடாது. மலையேறப் போகிறவளுக்கு இது முதல் பாடம்.

எவரெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-இல் ஜப்பானியர் ஜுன்கோ தாபெய் உச்சியைத் தொட்ட முதல் பெண். 1984 மே 23-ஆம் தேதி நம் நாட்டு பச்சேந்திரி பால். உத்தரகாசியில் 1965 முதல் இருந்துவருகிற நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் படித்தவர் அவர். 2023 மே மாதத்தில் நம் தமிழ்நாட்டின் முதல் பெண்ணாக முத்தமிழ்ச்செல்வி ஏறினார். விருதுநகர் மாவட்டத்துக்காரர், ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். நமக்கு எட்டாத தூரத்து ஊரா விருதுநகர்?

பத்தமடைக்கும் இமயத்துக்கும் முன்பே சொந்தம் உண்டு, தெரியுமா? 1887-இல் இங்கே பிறந்து டாக்டராக இருந்து, பிறகு ரிஷிகேசத்தில் போய் உட்கார்ந்தவர்தானே சுவாமி சிவானந்தர்! உத்தரகாசிக்குப் போகிறவர்களில் பலர் அந்த ரிஷிகேசத்தைத் தாண்டி மலைப்பாதையில் ஏறுகிறார்கள்.

கல்லுக்கும் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறவர்கள் பொங்கல் சமயத்தில் பணகுடிப் பக்கம் வடலிவிளைக்குப் போய்ப் பார்க்கட்டும். இளவட்டக்கல் தூக்குகிற போட்டியில் ஆண்களோடு பெண்களும் இறங்குகிறார்கள். ஊரே நின்று கை தட்டுகிறது.

உடம்புக்கு என்ன லாபம்?

விளையாட்டு விஷயத்தை விட்டுவிட்டு ஆரோக்கியத்துக்கு வருகிறேன். நம் பெண்களுக்கு நாற்பதைத் தாண்டியதும் என்னென்ன வருகிறது? தோள் வலி, முதுகு வலி, தரையிலிருந்து எழும்போது "அம்மா!" என்று ஒரு சத்தம். மாதவிலக்கு நிற்கிற சமயத்தில் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதையொட்டி எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறையத் தொடங்குகிறது. வயதான காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள் எத்தனை வீட்டில்! எலும்பு வலுவாக இருக்க வேண்டுமானால் சுண்ணாம்புச் சத்து மட்டும் போதாது, அதற்குப் பாரமும் கொடுக்க வேண்டும். தசை இழுக்க இழுக்கத்தான் எலும்பு கெட்டிப்படும்.

நடைப்பயிற்சி நல்லதுதான். ஆனால் நடப்பதில் கைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் வேலை குறைவு. பாறை ஏறும்போது விரல் நுனி முதல் கால் கட்டைவிரல் வரை அத்தனையும் வேலை செய்யும். ஒற்றைக் காலில் நின்று எம்பும்போது உடம்பின் சமநிலை கூடும். சமநிலை நன்றாக இருப்பவள் வழுக்கினாலும் சமாளித்துக்கொள்வாள்.

மனசுக்கும் லாபம் உண்டு. சுவரில் இருக்கும்போது 'ராத்திரிக்கு என்ன டிபன்' என்ற நினைப்பு வரவே வராது. அடுத்த பிடி எங்கே என்பது ஒன்றுதான் ஞாபகம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷம் மனசு ஓய்வெடுக்கிறது பாருங்கள், அதற்கே போகலாம்!

குந்தத் தெரிந்தவளுக்கு ஏறத் தெரியும்

பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம், 47 வயதில் நான் முதன்முதலாக இந்தச் சுவரைத் தொட்டேன். சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள். புஜத்தைக் காட்டிக்கொண்டு பையன்கள் தாவினார்கள். பயிற்சி கொடுத்த பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஆன்ட்டி, குதிகால் தரையில் படுகிற மாதிரி குந்தி உட்கார முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குந்தி உட்காருவதா கஷ்டம்? கோலம் போட்டது, அம்மியில் அரைத்தது, தரையோடு கட்டிய தறியின் மேல் குத்தவைத்துக்கொண்டு பெண்கள் கோரை நெய்வதைக் கூடவே உட்கார்ந்து பார்த்தது, எல்லாம் அப்படித்தானே! உட்கார்ந்து காட்டினேன். "பாதி வேலை முடிந்தது" என்றாள் அந்தப் பெண்.

அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. பாறையில் காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்து, அந்தக் காலின் மேலேயே குந்தி எழ வேண்டும். நாற்காலியிலேயே வளர்ந்தவர்களுக்கு இடுப்பும் கணுக்காலும் அவ்வளவு மடங்காது. நமக்கு மடங்கும். எங்கள் ஊர்ப் பாய்க்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாய் நெய்கிற கையையும் இடுப்பையும் பற்றி யாரும் பேசுவதில்லை. மெல்லிசாகக் கிழித்த கோரையை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்து அச்சை இழுத்து அடிக்கிற விரல்கள், நாள் பூராவும் குந்தி இருக்கிற இடுப்பு. ஏறுவதற்குத் தேவையானதில் பாதி அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

கை பலத்தை நம்பி ஏறுவது ஆண்களின் பழக்கம். பலம் தீர்ந்ததும் பொத்தென்று விழுவார்கள். பெண்களுக்கு முதலிலேயே கை பலம் குறைவு என்பதால் காலை நம்பக் கற்றுக்கொள்கிறோம். அதுதான் சரியான முறையும்கூட. 1993-இல் அமெரிக்காவில் எல் காப்பிட்டன் என்ற 900 மீட்டர்ச் சுவரில் 'மூக்கு' என்று பெயர் வைத்த பாதையை, ஏறுவதற்குக் கயிறையோ ஆணியையோ பிடிக்காமல், கை கால் பலத்திலேயே முழுக்க ஏறி முடித்த முதல் ஆள் லின் ஹில். ஆண் பெண் இருபாலாரிலும் முதல் ஆள்! விழுந்தால் தாங்குவதற்கு மட்டுமே அவருக்குக் கயிறு. அவர் உயரம் 157 சென்டிமீட்டர்தான். ஆண்களின் விரல் நுழையாத வெடிப்பில் அவருடைய சிறிய விரல் நுழைந்தது.

தாலி, மெட்டி, வளையல்

இந்த விஷயத்தை வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லாது, நாம்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

மோதிரத்தைக் கட்டாயம் கழற்ற வேண்டும். விழும்போது மோதிரம் ஒரு பிடியில் மாட்டிக்கொண்டால் உடம்புப் பாரம் முழுவதும் அந்த ஒரு விரலில் தொங்கும். சதையோடு உரிந்து வருகிற விபத்து நடந்திருக்கிறது. கண்ணாடி வளையலும் கூடாது. மெட்டியையும் கழற்றுங்கள். இந்த விளையாட்டுக்கான ரப்பர் ஷூ காலை இறுக்கிப் பிடிக்கும், மெட்டி விரலில் குத்திப் புண்ணாக்கும்.

தாலியைக் கழற்ற மனசு வராதவர்கள் உண்டு. அவர்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் வெளியே தொங்கவிடக் கூடாது. உள்ளுக்குள் போட்டு, இறுக்கமான உள்ளாடையோடு மெத்தென்ற துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். ஊக்கு வேண்டாம், விழும்போது குத்தும். தங்கச் சங்கிலியாவது அறுந்துபோகும். மஞ்சள் கயிறு அறுகாது. எங்கேயாவது மாட்டினால் கழுத்துக்கு ஆபத்து என்பதை நினைவில் வையுங்கள்.

சேலையில் ஏற முடியாது, துப்பட்டாவும் ஆகாது. முட்டி மடங்குகிற மாதிரி தளர்ந்த பேன்ட், நீளமான பனியன் சட்டை போதும். பின்னலைத் தொங்கவிடாமல் கொண்டையாக முடிந்துகொள்ளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஷூவை முதலில் விலைக்கு வாங்க வேண்டாம். உள்ளரங்கங்களில் பெரும்பாலும் வாடகைக்குக் கொடுப்பார்கள்.

முதல் நாள்

போனவுடன் சுவரில் தாவக் கூடாது. பத்து நிமிஷமாவது நடந்து, தோளைச் சுழற்றி, விரல்களை மடக்கி விரித்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு எல்லாவற்றிலும் சுலபமான பாதையாகக் கேட்டு வாங்குங்கள். கெட்டியாகப் பிடிக்கிற மாதிரி பெரிய பிடிகள் இருக்கும்.

கையை மடக்கித் தொங்கினால் புஜம் சீக்கிரம் களைத்துவிடும். கையை நீட்டியே வைத்து எலும்பில் தொங்குங்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறோமே, கையால் தூக்கிக்கொண்டா போகிறோம்? பாரத்தை எங்கே சாய்க்கலாம் என்பது நமக்குத் தெரியாததா!

காலின் நடுப்பகுதியை வைக்காதீர்கள். கட்டைவிரல் பக்கத்து நுனியை வையுங்கள், அப்போதுதான் திரும்ப முடியும். இடுப்பைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். பயத்தில் இடுப்பு பின்னால் போனால் கைக்குப் பாரம் கூடிவிடும். கண் மேலேயே இருக்கக் கூடாது. காலை எங்கே வைப்பது என்று கீழேயும் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும்.

ஒரு பாதைக்கு மூன்று முறை முயன்றால் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மறுநாள் முழங்கைக்குக் கீழே விண்விண் என்று வலிக்கும். அது சகஜம். இடையில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுத்து வாரத்துக்கு இரண்டு நாள் போனால் போதும்.

இன்னொன்று. நாம் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு பையன் வந்து, "இந்தக் காலை அங்க வைங்க, அந்தக் கைய இங்க வைங்க" என்று கேட்காமலே சொல்லிக் கொடுப்பான். கணக்குக்கு விடையைச் சொல்லிவிட்டால் என்ன ருசி? "நானே பாத்துக்கிடுதேன் தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். வெளிப்பாறையில் விழுகிறவரைத் தாங்கி மெத்தைக்குத் திருப்பிவிட ஒருவர் பின்னால் கை நீட்டி நிற்பார். முதுகில் கை படும். கூச்சமாக இருந்தால் ஒரு பெண்ணையே நிற்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

விழவும் ஒரு முறை இருக்கிறது

இதுதான் முக்கியம். ஏறக் கற்பதற்கு முன்னால் விழக் கற்க வேண்டும். பாதி உயரத்திலிருந்து வேண்டுமென்றே ஐந்தாறு தடவை விழுந்து பாருங்கள்.

இரண்டு காலும் சேர்ந்தாற்போல் மெத்தையில் பட வேண்டும். பட்டவுடன் முட்டியை மடக்கி, குந்தி, அப்படியே முதுகுப் பக்கம் உருள வேண்டும். மோவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டும் முழங்கையும் போய்விடும். காலை விறைப்பாக வைத்துக் குதித்தால் கணுக்கால் பிசகும். முடிந்த மட்டும் குதிக்காமல், பிடித்துப் பிடித்து இறங்கி வருவது எல்லாவற்றிலும் உத்தமம்.

எங்கள் தெருவில் பாய் நெய்கிற ஒரு லாத்தா கேட்டார், "விழுறதுக்கு நம்ம பாய் போதாதா?" என்று. நம்ம பாய் கல்யாணப் பாய். பெண் மாப்பிள்ளை பேர் போட்டு நெய்கிறது. விழுவதற்கு வேண்டியது நுரை மெத்தை. வெளிப்பாறைக்குத் தூக்கிக்கொண்டு போகிற மெத்தையில் மேலே கெட்டி நுரை, கீழே மெத்தென்ற நுரை என்று அடுக்கியிருப்பார்கள். நடுவில் இடைவெளி விட்டு இரண்டு மெத்தை போட்டால் அந்தச் சந்தில்தான் கால் மாட்டும், கவனம்.

சிறு வயதிலிருந்தே "விழுந்துராத, விழுந்துராத" என்று சொல்லியே நம்மை வளர்க்கிறார்கள். பெரிய மனுஷியானதும் பெண்ணை ஓட்டத்திலிருந்தும் தாவலிலிருந்தும் நிறுத்திவிடுகிறார்கள். விழுந்து பழகாத உடம்பு அறுபது வயதில் முதல்முறையாக விழுகிறது. அதனால்தான் இதை நான் விளையாட்டு என்று மட்டும் எண்ணவில்லை.

யார் பொறுத்திருக்க வேண்டும்?

கர்ப்பிணிகள் போல்டரிங் செய்யவே கூடாது. விழுவதுதான் இதன் பாதியே. பிரசவமானவர்கள், அதிலும் சிசேரியன் ஆனவர்கள், டாக்டர் சரி என்று சொல்கிற வரை காத்திருக்க வேண்டும். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்றால் அதை வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி உண்டு, அதை முதலில் செய்யலாம். மாதவிலக்கு நாட்களில் ஏறலாமா என்று ரகசியமாகக் கேட்கிறார்கள். உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக ஏறலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் எலும்பு அடர்த்தியைப் பரிசோதித்துக்கொண்டு இறங்குவது நல்லது.

ரத்தசோகையை லேசாக நினைக்காதீர்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ஏறும்போது மூச்சு வாங்கும், கண் இருட்டும். முருங்கைக் கீரை, பயறு வகை, கேழ்வரகு, முட்டை, மீன் என்று வீட்டிலேயே வழி இருக்கிறது. சாப்பிட்டவுடன் காபி, டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் ஒட்டும்.

'பாரம் குறைந்தால் ஏறுவது சுலபம்' என்று பட்டினி கிடக்கிற பெண்களும் இந்த விளையாட்டில் உண்டு. இதை யான்யா கார்ன்பிரெட்டே வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். பட்டினியால் மாதவிலக்கு நின்று எலும்பு பலவீனமாகும். லாபத்துக்குப் போய் முதலையே இழந்த கதைதான். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நம்ம பக்கத்துக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இரண்டு பையில் இருக்கட்டும்.

விரல் விஷயத்தில் பொறுமை வேண்டும். தசை சில வாரத்தில் பலப்படும். விரல் நரம்பென்று நாம் சொல்கிற தசைநாண்கள் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். அதனால் முதல் வருஷம் பூராவும் விரல் நுனியில் தொங்குகிற விபரீதப் பயிற்சி எதுவும் வேண்டாம். விரலில் 'டக்' என்று சத்தம் கேட்டால் அன்றைக்கு அத்தோடு இறங்கிவிடுங்கள்.

எங்கே ஏறலாம், எங்கே கூடாது?

சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் உள்ளரங்கச் சுவர்கள் இருக்கின்றன. பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகிற அம்மாக்களுக்கு இது நல்ல வாய்ப்பு. வெளிப்பாறைக்கு நம் தென்னாட்டில் பேர்போனது கர்நாடகத்து ஹம்பி. விஜயநகர இடிபாடுகளைச் சுற்றிக் கொட்டிவைத்தாற்போல் கருங்கல் உருண்டைகள். அதற்கடுத்துச் செம்மணற்பாறை உள்ள பாதாமி. பழகினவர் துணையில்லாமல் எங்கேயும் போகாதீர்கள்.

நம் பக்கத்தில் பாறைக்கா பஞ்சம் என்று பாபநாசத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள்! ஆற்றுப் பாறை பாசி பிடித்தது. வழுக்கினால் கீழே மெத்தை இல்லை, சுழல்தான் இருக்கும். அதற்கு மேலே காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் காலடி வைக்கக் கூடாது. கழுகுமலை மாதிரி சிற்பமும் கல்வெட்டும் உள்ள பாறையில் கை வைப்பது பெரும்பாவம், சட்டப்படியும் குற்றம். சாமி குடியிருக்கிற குன்றிலும் வேண்டாம்.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்ததை மறக்க முடியுமா? அவர்களில் பலர் பெண்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் விதிமுறைகளைக் கடுமையாக்கியது. 2024-இல் வனத்துறையே வழிகாட்டியோடு கூட்டிப் போகிற திட்டத்தையும் தொடங்கியது. காடு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அப்படி முறைப்படி போங்கள்.

சுவருக்குப் போக வசதியில்லாதவர்கள் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். கை ஊன்றாமல் தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பது காலையில் பத்துத் தடவை. சுவரில் கை வைத்துத் தள்ளுகிற தண்டால் பத்துத் தடவை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு பல் துலக்குவது. கெட்டியான கம்பி இருந்தால், கால் நுனி தரையில் பட்டபடியே பத்து விநாடி தொங்குவது. ஈரத் துணியை இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் பிழிவது. இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கவே வேண்டாம். மூன்று மாதம் செய்து பாருங்கள், இடுப்பும் தோளும் உங்களுக்கே புதுசாகத் தெரியும்.

வீட்டில் என்ன சொல்வார்கள்?

சொல்லத்தான் செய்வார்கள். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கைய கால ஒடிச்சுக்கிட்டு வந்தா யாரு சோறு பொங்குறது?" என்று என் அத்தை கேட்டார். எண்பது வயதுக்காரர். அவர் பயந்தது சோற்றுக்காக மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, மேலே சொன்ன எலும்பு விஷயத்தையெல்லாம் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாங்க சின்னப் பிள்ளையில புளியமரத்துல ஏறுவோம். பாவாடைய வரிஞ்சு கட்டிக்கிட்டு உச்சாணிக்குப் போவேன். பெரியவளானதும் எங்க அம்மை ஏணிய எடுத்து உள்ள வச்சுட்டா" என்றார்.

மதினிமார் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். தனியாகப் போனால் கேள்வி வரும். நாலு பேராகப் போனால் ஊர் பழகிக்கொள்ளும். உங்கள் வீட்டில் பதிமூன்று பதினாலு வயதில் ஒரு பெண் இருந்தால் அவளைத்தான் முதலில் அழைத்துப் போக வேண்டும். அவள் வயதில்தான் நம் எல்லோர் வீட்டிலும் அந்த ஏணி உள்ளே போகிறது. ஜப்பானிய வம்சத்து அமெரிக்கப் பெண் அஷிமா ஷிராய்ஷி 2016-இல், அதுவரை எந்தப் பெண்ணும் ஏறியிராத கடினமான பாறையை ஏறியபோது வயது பதினாலுதான்.

கிளம்புமுன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்: நகம் வெட்டியாச்சா? மோதிரம், வளையல், மெட்டி கழற்றியாச்சா? வயிறாரச் சாப்பிட்டாச்சா? தண்ணீர் எடுத்தாச்சா? எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று வீட்டில் சொல்லியாச்சா? அவ்வளவுதான், ஷூவை மாட்டுங்கள்.